‘மினி பஸ்’ஸுக்கும் செந்தூரத்துக்கும் என்ன சம்பந்தம்? 2,000 ஆண்டு பழைய ஈயச் சிவப்பின் பெயர்க் கதை

திண்டுக்கல் - திருச்சி சாலையில் இருக்கும் வடமதுரையில், பக்கத்துக் கிராமங்களுக்குப் போக ‘மினி பஸ் எப்போ வரும்?’ என்று கேட்பது சாதாரண விஷயம். ஆஞ்சநேயர் சன்னதியில் ஆரஞ்சு நிறச் செந்தூரத்தை நெற்றியில் வைத்துக்கொள்வதும் அதே மாதிரிதான். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு சொந்தம் இருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா?

‘மினி’ என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனால், அது ஒரு சிவப்புப் பொடியில் போய் நிற்கிறது. லத்தீனில் அதன் பெயர் ‘மினியம்’. நம்ம ஊரில் அதற்குச் செந்தூரம், சிந்தூரம் என்று பெயர். அழகான நிறம், நீளமான வரலாறு, கூடவே கொஞ்சம் விஷம். மூன்றும் சேர்ந்ததுதான் இந்தப் பொடியின் கதை.

செந்தூரம் என்பது உண்மையில் என்ன?

பழைய ஓவியர்களும் வைத்தியர்களும் சொன்ன செந்தூரம், ஈயத்தில் இருந்து செய்யப்படும் ஒரு நிறப்பொடி. இதில் 3 ஈய அணுக்களோடு 4 ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்திருக்கும். ரத்தச் சிவப்பு கிடையாது, ஆரஞ்சு கலந்த சிவப்பு. கையில் எடுத்தால் நல்ல கனம் தெரியும். ஒரே அளவு தண்ணீரோடு ஒப்பிட்டால் சுமார் 8 மடங்கு எடை.

செய்முறை ரொம்பச் சிக்கலானது இல்லை. ஈயம் சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய ஈயத்தைக் காற்றுப் படும்படி தொடர்ந்து சூடாக்கினால் முதலில் மஞ்சள் நிறப் பொடி கிடைக்கும். நாட்டு மருந்துக் கடைகளில் மிருதாரசிங்கி என்று சொல்வது இந்த ஈய ஆக்சைடு வகையைத்தான். அதையே 450 முதல் 500 டிகிரி வரையிலான சூட்டில் பல மணி நேரம் கிளறி வறுத்தால், கூடுதலாக ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு சிவப்பாக மாறும். சூடு இன்னும் அதிகமாகிவிட்டால் அந்த ஆக்சிஜனை விட்டுவிட்டு மறுபடியும் மஞ்சளுக்கே திரும்பிவிடும். அதனால் பக்குவம் தெரிந்தவர் கையில்தான் நல்ல சிவப்பு வரும்.

தீ விபத்தில் பிறந்த நிறமா?

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு தகவலைச் சொல்கிறார். கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் ஒரு தீ விபத்து நடந்தது. ஜாடிகளில் வைத்திருந்த வெள்ளை ஈயப் பொடி, அதாவது அந்தக் காலப் பெண்கள் முகத்துக்குப் பூசிய பவுடர், நெருப்பில் வெந்து நிறம் மாறிவிட்டது. ஓவியர்கள் அதை எடுத்துப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள் என்கிறார் பிளினி.

விபத்து அப்படியே நடந்ததோ இல்லையோ, இதன் வேதியியல் சரிதான். வெள்ளை ஈயத்தைச் சூடாக்கினால் கரியமில வாயு வெளியேறி, அது மஞ்சளாகி, பிறகு சிவப்பாகும்.

‘மினியம்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. ஸ்பெயினின் வடமேற்கில் உருவாகி, கடைசிப் பகுதியில் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் எல்லையாக ஓடி அட்லாண்டிக் கடலில் சேரும் ஒரு ஆறு இருக்கிறது. ஸ்பானியர்கள் அதை ‘மீன்யோ’ என்கிறார்கள். ரோமானியர்கள் வைத்த பெயர் ‘மினியஸ்’.

‘மினியஸ் ஆற்றின் பெயரில் இருந்துதான் மினியம் என்ற பெயர் வந்தது’ என்று பல இடங்களில் படிக்கலாம். ஆனால், பழைய ஆசிரியர்கள் சொன்னது இதற்குத் தலைகீழ். கி.பி. 636ல் மறைந்த செவில் நகர ஆயர் இசிதோர், சொற்களின் பிறப்பைப் பற்றியே ஒரு பெரிய தொகுப்பு எழுதியவர். அந்த நிறப்பொடி அங்கே நிறையக் கிடைத்ததால் ஆற்றுக்கு அந்தப் பெயர் வந்தது என்கிறார் அவர். ஆறு முதலா, பொடி முதலா? கோழியா, முட்டையா என்கிற கேள்வி மாதிரிதான்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ரோமாபுரிக்கு இந்தச் சிவப்பு பெருமளவு வந்தது மீன்யோ ஆற்றங்கரையில் இருந்து இல்லை. ஸ்பெயினின் தெற்குப் பக்கம் இருந்த சிசாப்போ சுரங்கத்தில் இருந்து என்கிறார் பிளினி. இன்றைய அல்மாதென் பகுதி அது. அங்குள்ள பழைய சுரங்கம் 2012ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கே தோண்டியது ஈயத்தையா? இல்லை, பாதரசக் கல்லை!

பெயர் எப்படி இடம் மாறியது?

ரோமானியர்கள் முதலில் ‘மினியம்’ என்று சொன்னது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கல்லை. தமிழில் அதற்குச் சாதிலிங்கம், இங்குலிகம் என்று பெயர். அது விலை உயர்ந்த சரக்கு. ஒரு ராத்தல் 70 செஸ்டர்ஸ் நாணயத்துக்கு மேல் விற்கக் கூடாது என்று ரோம அரசே உச்சவரம்பு விதித்திருந்தது. கல்லை வெட்டிய இடத்தில் சுத்தம் செய்யக்கூட அனுமதி இல்லை. முத்திரை வைத்து ரோமுக்குக் கொண்டுவந்துதான் அரைக்க வேண்டும். திருவிழா நாட்களில் ஜூபிடர் சிலையின் முகத்தில் இந்தச் சிவப்பைப் பூசுவார்கள் என்றும் பிளினி எழுதியிருக்கிறார். ஆஞ்சநேயருக்குச் செந்தூரக் காப்பு சாத்துவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

விலை அதிகம் என்றால் கலப்படமும் கூடவே வந்துவிடும். பாதரசச் சிவப்போடு மலிவான ஈயச் சிவப்பைக் கலந்து விற்றார்கள். அதை ‘இரண்டாம் தர மினியம்’ என்று பிளினி குறிப்பிடுகிறார். நாளாக ஆக, அந்த இரண்டாம் தரச் சரக்குக்கே ‘மினியம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. கலப்படத்துக்கு வந்த பொருள், அசல் பொருளின் பெயரையே தட்டிக்கொண்டு போய்விட்டது!

பெயர் இப்படி இடம் மாறுவது நமக்கும் புதுசு இல்லை. பழைய தமிழ் இலக்கியங்களில் ‘வடமதுரை’ என்றால் யமுனைக் கரையில் இருக்கும் மதுரா நகரம். இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் ‘வடமதுரைக்கு ஒரு டிக்கெட்’ என்று கேட்டால், கண்டக்டர் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கும் வடமதுரைக்குத்தான் டிக்கெட் கிழிப்பார். பெயர் ஒன்று, இடம் வேறு.

சரி, ‘மினி’ எப்படி வந்தது?

அச்சு இயந்திரம் வருவதற்கு முன்பு ஐரோப்பாவில் புத்தகங்களைக் கையால்தான் எழுதினார்கள். கறுப்பு மையில் எழுதிய பக்கத்தில், பத்தியின் முதல் எழுத்தையும் தலைப்பையும் மட்டும் ஈயச் சிவப்பில் பெரிதாகத் தீட்டுவார்கள். மினியம் கொண்டு தீட்டும் இந்த வேலைக்கு லத்தீனில் ‘மினியாரே’ என்று பெயர். அதில் இருந்து இத்தாலிய மொழியில் ‘மினியதூரா’ வந்தது. முதலில் சிவப்பு எழுத்து வேலையைச் சொன்ன வார்த்தை, போகப்போகப் புத்தகத்துக்குள் வரையப்படும் படத்தையும் குறிக்க ஆரம்பித்தது.

புத்தகத்துக்குள் வரும் படம் எவ்வளவு பெரிதாக இருந்துவிட முடியும்? சின்னதாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு, லத்தீனில் ‘மைனர்’, ‘மினிமம்’ என்று சிறுமையைக் குறிக்கும் சொற்களும் காதுக்கு ஒரே மாதிரி ஒலித்தன. மக்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டார்கள். ‘சிவப்புப் பூசியது’ என்ற அர்த்தம் மறைந்து, ‘மினியேச்சர்’ என்றாலே ‘சின்னது’ என்று ஆகிவிட்டது.

20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ‘மினியேச்சர்’ சுருங்கி ‘மினி’ ஆனது. 1959ல் பிரிட்டனில் வெளிவந்த ‘மினி’ காரும், 1960களின் மினி ஸ்கர்ட்டும் அந்த வார்த்தையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் 1990களின் பிற்பகுதியில் மினி பஸ்கள் ஓடத் தொடங்கின. இப்போது மினி இட்லி, மினி டிபன், மினி லாரி, மினி மஹால் என்று எல்லாமே ‘மினி’ மயம். இவற்றில் ஒன்றில்கூடச் செந்தூரம் இல்லை. ஆனால், பெயரில் மட்டும் அந்தப் பழைய சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் செந்தூரம் என்ற சொல் என்னவெல்லாம் சொல்கிறது?

நம்ம மொழியில் வந்த சொல், சமஸ்கிருதத்தின் ‘சிந்தூர’த்தில் இருந்து வந்தது. சிந்தூரம், சிந்துரம், செந்தூரம் என்று பல வடிவங்கள் உண்டு. செம்மண், செந்தாமரை, செந்நெல் என்று சிவப்புக்கெல்லாம் ‘செ’ வரும் மொழியில், சிந்தூரம் ‘செந்தூரம்’ ஆனதில் ஆச்சரியம் இல்லை. தமிழ் அகராதிகளில் ‘சிந்துரம்’ என்ற சொல்லுக்குச் சிவப்பு, நெற்றித் திலகம் என்பதோடு யானை என்ற பொருளும் இருக்கிறது.

கடந்த 2025 மே 7ஆம் தேதி இந்திய ராணுவம் நடத்திய நடவடிக்கைக்கு ‘ஆபரேஷன் சிந்தூர்’ என்று பெயர் வைக்கப்பட்டபோது, இந்தச் சொல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. வட இந்தியாவில் திருமணமான பெண்கள் வகிட்டில் வைப்பது சிந்தூர். தமிழ்நாட்டில் அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் குங்குமம்.

சித்த மருத்துவத்தில் ‘செந்தூரம்’ என்பது ஒரு மருந்து வகையின் பெயர். உதாரணம், இரும்பில் இருந்து செய்யும் அயச் செந்தூரம். பக்குவம் முடிந்ததும் சிவப்பாக இருப்பதால் அந்தப் பெயர். அது ஈயச் செந்தூரம் இல்லை. பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காகக் கோயிலில் தரும் செந்தூரத்தை மருந்து என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது.

மாம்பழ சீசனில் சந்தைக்கு வரும் ‘செந்தூரா’வும் இந்தச் சொல்லின் வாரிசுதான். தோலில் ஏறியிருக்கும் சிவப்புக்காக அந்தப் பெயர். அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்!

சிவப்பு எல்லாம் ஒரே சிவப்பா?

இல்லை. நம்ம வீட்டிலும் தெருவிலும் பார்க்கும் சிவப்புகளை இப்படிப் பிரிக்கலாம்.

காவி: இது இரும்புச் சிவப்பு. வடமதுரை பக்கத்துக் காடுகளில் மண் சிவப்பாக இருப்பதும், கோயில் சுவரின் காவிப் பட்டையும், பழைய வீட்டு ‘ரெட் ஆக்சைடு’ தரையும் இந்த வகை. கம்பிக் கதவுக்கு முதலில் அடிக்கும் ‘ரெட் ஆக்சைடு’ பிரைமரும் இரும்பு ஆக்சைடால் நிறம் பெறுவதுதான்.

சாதிலிங்கம்: இது பாதரசச் சிவப்பு. விஷம்.

செந்தூரம்: இது ஈயச் சிவப்பு. இதுவும் விஷம்.

குங்குமம்: முறைப்படி செய்தால் இது மஞ்சள். மஞ்சளோடு சுண்ணாம்பு அல்லது வெண்காரம் சேர்ந்தால் சிவப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவக்கிறதே, அதே விஷயம்தான்.

இன்றைக்குக் கடையில் செந்தூரம், குங்குமம், சிந்தூர் என்று விற்கும் பாக்கெட்டுகளில் எல்லாம் மேலே சொன்னதுதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. சாயப் பொடியாக இருக்கலாம், மஞ்சளாக இருக்கலாம். ஈயம் கலந்ததாகவும் இருக்கலாம். சிக்கலே அதுதான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். ரசம் வைக்கும் ‘ஈயச் சொம்பு’ செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். செந்தூரத்தில் இருப்பது காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்த பாத்திரத்தைத் தலையில் கட்டிவிட்டால், புளிப்பான ரசத்தில் காரீயம் இறங்கும். ஈயச் சொம்பு வாங்கும்போது நம்பிக்கையான கடை முக்கியம் என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஓவியத்தில் வைத்த சிவப்பு கறுத்தது எப்படி?

மொகலாய, ராஜஸ்தானி மினியேச்சர் ஓவியர்களின் வண்ணத் தட்டில் சிந்தூரமும் இருந்தது. மினியம் என்ற பொடியால் பெயர் பெற்ற ஓவிய வகையில், அதே பொடி இந்தியப் பெயரில் உட்கார்ந்திருந்தது.

ஆனால், ஈயச் சிவப்பு கடைசி வரை சிவப்பாகவே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. சீனாவில் துன்ஹுவாங் நகருக்குப் பக்கத்தில் உள்ள மொகாவோ குகை ஓவியங்களில், ஈயச் சிவப்பு பூசிய பல இடங்கள் இன்று கறுத்துப்போய்க் கிடக்கின்றன. வெளிச்சம், ஈரப்பதம் போன்றவற்றால் இந்தப் பொடி வேறு ஈயச் சேர்மமாக மாறியதுதான் காரணம்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். ஓவியர் வின்சென்ட் வான்கோ 1889ல் வரைந்த ஒரு கோதுமைப் போர் ஓவியத்தில், சிவப்பு பூசிய இடங்கள் வெளுத்துவிட்டன. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ல் இதன் காரணத்தை வெளியிட்டார்கள். வெளிச்சமும் காற்றில் உள்ள கரியமில வாயுவும் சேர்ந்து, சிவப்பு ஈயத்தைப் படிப்படியாக வெள்ளை ஈயச் சேர்மமாக மாற்றியிருக்கின்றன. பிரேயஸ் துறைமுகத்தில் வெள்ளை சிவப்பானது. இங்கே சிவப்பு வெள்ளையாகிவிட்டது.

பெயிண்ட், பேட்டரி - இப்போது எங்கே இருக்கிறது?

ஈயச் சிவப்பு இரும்பில் துரு பிடிக்காமல் காக்கும். அதனால் கப்பல், பாலம், தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றுக்கும் அடிப்பூச்சாகப் பல காலம் இதைப் பயன்படுத்தினார்கள். 1937ல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலத்தின் புகழ்பெற்ற ஆரஞ்சு நிறத்துக்கு யோசனை கொடுத்ததே, அதன் இரும்புக்கு முதலில் அடித்திருந்த இந்தச் செந்தூர நிறப் பிரைமர்தான். பிறகு ஈயத்தின் ஆபத்து தெரிந்ததும், அந்தப் பாலத்தில் இருந்த பழைய பூச்சை அகற்றும் வேலையும் நடந்தது.

இன்று இதன் முக்கியமான வேலை பேட்டரிக்குள். இன்வெர்ட்டரிலும் வண்டியிலும் இருக்கும் ஈய-அமில பேட்டரிகளின் தகடு தயாரிப்பில் ஈயச் சிவப்பு சேர்க்கப்படுகிறது. வீட்டுப் பெயிண்ட் விஷயத்தில், இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி ஈயத்தின் அளவு 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 2017 நவம்பர் முதல் இது கட்டாயம். அதற்கு முன்பு அடித்த பூச்சு பழைய கதவிலும் ஜன்னல் கம்பியிலும் இன்னமும் இருக்கலாம்.

அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். உடம்பில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே கிடையாது என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. பெரியவர்களுக்கு வயிற்று வலி, ரத்தச் சோகை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு என்று வரும். குழந்தைகளுக்கு இன்னும் மோசம். மூளை வளரும் வயதில் ஈயம் சேர்ந்தால் படிப்பு, கவனம், நடத்தை எல்லாமே பாதிக்கப்படும். அந்தப் பாதிப்பு பிறகு சரியாவது கடினம். உலகில் 3 குழந்தைகளில் ஒருவருக்கு, அதாவது சுமார் 80 கோடிப் பேருக்கு, கவலைப்படும் அளவில் ரத்தத்தில் ஈயம் இருப்பதாக 2020ல் யுனிசெஃப் அறிக்கை சொன்னது.

செந்தூரத்தில் நிஜமாகவே ஈயம் இருக்கிறதா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 118 சிந்தூர் மாதிரிகளைச் சோதித்து 2017ல் முடிவை வெளியிட்டார்கள். 95 மாதிரிகள் நியூ ஜெர்சி கடைகளில் வாங்கியவை, 23 மாதிரிகள் மும்பை, டெல்லியில் வாங்கியவை. அமெரிக்காவில் அழகுசாதனப் பொருட்களுக்கு இருந்த வரம்பு 10 லட்சத்தில் 20 பங்கு. இந்தியாவில் வாங்கியதில் 43 சதவிகிதமும், அமெரிக்காவில் வாங்கியதில் 19 சதவிகிதமும் அந்த வரம்பைத் தாண்டியிருந்தன. எல்லாப் பாக்கெட்டும் மோசம் இல்லை. ஆனால், எது மோசம் என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகத்தில்தான் தெரியும்.

சாப்பாட்டிலும் இது நுழைந்த வரலாறு உண்டு. ஹங்கேரி நாட்டில் 1994ல், மிளகாய்த்தூள் மாதிரியான பாப்ரிகா பொடியில் நிறத்துக்காக ஈயச் சிவப்பைக் கலந்து விற்றதில் பலர் பாதிக்கப்பட்டார்கள். ரோமானியக் காலத்துக் கலப்படப் பொருள், 1,900 வருஷம் கழித்தும் அதே வேலையைத்தான் பார்த்திருக்கிறது.

அப்போ நெற்றியில் வைக்கவே கூடாதா?

பயப்பட வேண்டாம், கவனமாக இருந்தால் போதும். ஈயத்தின் இந்தச் சேர்மம் தோல் வழியாக உள்ளே போவது ரொம்பக் குறைவு. விரலில் ஒட்டி வாய்க்குப் போவதும், தூசியாகப் பறந்து மூச்சில் போவதும்தான் முக்கியமான வழி.

- செந்தூரம், குங்குமம் எதுவானாலும் தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.
- தவழும் குழந்தைக்கும், விரல் சூப்பும் குழந்தைக்கும் என்ன சரக்கு என்று தெரியாத பொடியை வைக்க வேண்டாம். குங்குமச் சிமிழும் கைக்கு எட்ட வேண்டாம்.
- தயாரிப்பாளர் பெயர், சேர்மானம் எதுவும் இல்லாமல் எடை போட்டு விற்கும் பளீர் ஆரஞ்சுப் பொடியைத் தவிருங்கள். நிறத்துக்காக ஈயச் சேர்மங்களை அழகுசாதனப் பொருட்களில் சேர்க்க இந்திய விதிகளில் தடை இருக்கிறது.
- பழைய இரும்புக் கதவு, கட்டில், பீரோவின் பெயிண்டைக் காய்ந்தபடி சுரண்டினால் தூசி பறக்கும். நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது.
- பழைய பேட்டரியை வீட்டில் உடைக்கவே கூடாது.
- சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்பதை ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம்.

மினியம் என்ற பெயர் பாதரசத்தில் ஆரம்பித்து, ஈயத்துக்கு மாறி, சின்ன ஓவியத்தில் ஏறி, மினி பஸ் வரைக்கும் வந்துவிட்டது. செந்தூரம் என்ற பெயரும் அதே போல மருந்து, மாம்பழம், திலகம் என்று பலதையும் சொல்கிறது. அதனால் பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.